படிக்காசும் பிள்ளைக்கடனும்

சைவ உபாத்தியாயர்களே,

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது சிவபெருமான் அப்பமூர்த்திகளுக்கும் திருஞானசம்பந்தமூர்த்திகளுக்கும் நாடோறும் படிக்காசு அருளிய வரலாற்றை வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கின்றோம். சம்பந்தர் பெற்ற காசை வட்டங்கொடுத்தே மாற்றவேண்டியிருந்தது. அப்பர் பெற்ற காசுக்கு அக்குறை இல்லை. அப்பர் முதுமையினும் உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணமென்க. காசொன்றே ஆயினும், கையினால் உழைத்தவருக்கு அதன் பெறுமதி வேறாயிற்று.

கொழும்பிலே அரசின் படிக்காசு அறவே இல்லையென்றல் கூடாது. 1939 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் ஏழைகளுக்கு உதவுங் கடனை மாநகரசபைமேல் வைத்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதி வந்தது. ஆயினும் நாட்கூலிக்கு மூட்டை சுமந்து கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலே மூப்படைந்தவர் பலருக்கு அந்நிதியிலே கணக்கே இல்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாதெனப் பிள்ளைகளுக்கு விதித்து, தம்மைத் தாம் தாங்கமாட்டாதார் முறையிடப் பராமரிப்புச் சபையையும் அமைத்தது. கொன்றைவேந்தனை மனனஞ்செய்த நமக்கும் இச்சட்டம் வேண்டியதாயிற்றே!

வெள்ளவத்தையின் நிலை வேறு. 1983 ஆம் ஆண்டுக்குப்பின் பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்குஞ் சென்றார்கள்; பெற்றோர் அடுக்குமாடிகளிலே இருக்கின்றார்கள். அங்கே பணம் தவறாது வருகின்றது. மின்தூக்கி பழுதானால், நாலாம் மாடியிலிருக்கும் கிழவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இறங்கமாட்டார். இதற்கு எந்தச் சபையிலே முறையிடுவது?

பிறரைக் குறைகூற யான் தக்கவனல்லேன். மிஷன் பாடசாலையிலே ஐந்தாங் கற்பனையை ஒப்புவித்துப் பரிசு பெற்றவன். வீட்டிலே கொன்றைவேந்தனும் ஒப்புவித்தவன். கொழும்பிலே உத்தியோகம் பெற்றபின் ஊரிலிருந்த அன்னையாருக்கு மாதந்தோறும் காசுக்கட்டளை அனுப்பினேன்; ஒரு மாதமுந் தவறவில்லை. அவர் தேகவியோகமடைந்தபின் பெட்டியைத் திறந்தேன். காசுக்கட்டளைத் துண்டுகள் யாவும் நூலாற் கட்டப்பட்டிருந்தன. செய்தி எழுதுமிடம் எல்லாவற்றினும் வெறுமையாக இருந்தது. கடிதங்கள் மூன்றே. பிள்ளைக்கடன் தீர்த்தேனென்று அதுவரை எண்ணியிருந்தேன்.

சம்பந்தர் தமக்கு உறவல்லாத முதியவரை “அப்பர்” என்றழைத்தார். அச்சொல்லே அவருக்குப் பெயராயிற்று. அவ்வழைப்புக்கு வட்டமேது?

இதை எண்ணியே சென்ற தவணையில் மேல்வகுப்பு மாணாக்கர் இருவரை, பெற்றார் சம்மதத்தோடு, வெள்ளிக்கிழமைதோறும் அயலிலுள்ள முதியவரொருவரிடம் விபூதிப் பிரசாதத்துடன் அனுப்பலானேன். இளைப்பாறிய கணக்காளராகிய அவர் முதல்வாரம் கதவைப் பாதியே திறந்தாராம். மூன்றாம்வாரம் அவர்களுடைய கணிதப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, என் விடையொன்று பிழையென்று திருத்தியனுப்பினார். அவர் திருத்தியதே சரி.