சொல்லாமல் விட்ட இடம்

வார்த்தையைக் கொடுத்தால் வீடியோவைத் திருப்பிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமிருந்து நல்ல பலன் பெறுவது எப்படி என்பது தொழில்நுட்பக் கேள்வியாகவே பேசப்படுகிறது. எனக்கு அது முதலில் ஒரு தார்மீகக் கேள்வியாகப் படுகிறது. நல்ல பலன் என்று எதைச் சொல்கிறோம்? பார்க்க நன்றாயிருப்பதையா, மனசில் கண்டதற்கு விசுவாசமாக இருப்பதையா? இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

இக்கருவி எதையும் பார்த்ததில்லை. ஏராளமான வீடியோக்களையும் அவற்றுக்கான விவரணைகளையும் பயின்றிருக்கிறது. அர்த்தமற்ற புள்ளிகளின் இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதை விலக்கி, கொடுத்த சொற்களுக்கு அதிகம் பொருந்தக்கூடிய பிம்பத்துக்கு வந்து சேர்கிறது. எனவே 'சோகமான ஒரு கிழவர்' என்று நான் எழுதியபோது கிடைத்தது எல்லோருடைய சோகம்: ஜன்னல், மழை, கன்னத்தில் ஒரு துளி. சோகம் என்ற சொல்லை அடித்துவிட்டு, 'எழுபது வயதுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பின் கழன்ற வாரைத் துளையில் நுழைக்கப் பார்க்கிறார். காமிரா முழங்கால் உயரத்தில், அசையாமல். சாயங்கால வெயில் இடது பக்கமிருந்து' என்று எழுதியபின் வந்தது, நான் கண்டதற்குச் சற்றுக் கிட்டத்தில் இருந்தது.

மற்றதெல்லாம் இதன் விரிவுதான். ஒரு ஷாட்டுக்கு ஒரு செய்கை. சில வினாடிகளுக்குள் மூன்று சம்பவங்களைத் திணித்தால் மூன்றும் சிதைகின்றன. காமிரா எங்கே நிற்கிறது, நகருமானால் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து என்பதைச் சொல்ல வேண்டும். 'கூட்டம் வேண்டாம்' என்பதைவிட 'வெறிச்சோடிய தெரு' என்பது பயன் தருகிறது. முகம் மாறாதிருக்க வேண்டுமானால் ஓர் அசையாப் படத்தைக் கொடுத்து அதிலிருந்து தொடங்கச் சொல்லலாம். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

அடைமொழியை நம்பாதே, பொருளைக் காட்டு என்பது புதுக்கவிதை எழுதுகிறவனுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. கவிதையில் சொல்லாமல் விட்டது வாசகனுக்குப் போகிறது. இங்கே சொல்லாமல் விட்டது பெரும்பான்மைக்குப் போகிறது. வங்கியில் காசோலை எழுதுகிறவர்கள் தொகைக்குப் பின்னால் மிஞ்சும் வெற்றிடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அந்த இடம் மௌனமல்ல, இன்னொரு கைக்கு அழைப்பு என்று தெரிந்ததால்தான். 2024 பிப்ரவரியில் ஸோராவை அறிமுகப்படுத்தியபோது ஓப்பன்ஏஐ தன் தொழில்நுட்ப அறிக்கையிலேயே சொன்னது: பயனர் எழுதும் சுருக்கமான வரியை ஜிபிடி ஒரு நீண்ட விவரணையாக விரித்து, அதையே வீடியோ மாதிரிக்கு அனுப்புகிறது. நம் வெற்றிடத்தில் எழுதும் கை எது என்பதில் ரகசியமில்லை.

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். அதே வரியைத் திரும்ப ஓட்டினால் வேறொன்று வருகிறது. ஒன்றில், நான் கேட்காத நாய் ஒன்று கிழவரின் பின்னால் கடந்து போகிறது. அழகாயிருக்கிறது. 'இதைத்தான் நினைத்தேன்' என்று மனசு உடனே சொல்லிக்கொள்கிறது. தற்செயல் எப்போதும் கலையில் உண்டு என்று நண்பர்கள் வாதிக்கலாம். உண்டு. ஆனால் புகைப்படக்காரனின் சட்டத்துக்குள் குறுக்கிட்ட நாய் அந்தத் தெருவில் இருந்தது. அவனுடைய எண்ணத்தை மறுக்க உலகத்துக்கு இருந்த உரிமை அது. இந்த நாய் எந்தத் தெருவிலும் இல்லை. இது என்னை மறுக்கவில்லை, எனக்கு இச்சகம் பேசுகிறது.

ஸோராவின் குறைகளைச் சொல்லும்போது, ஒருவர் பிஸ்கட்டைக் கடித்தபின் அதில் கடித்த தடம் இல்லாமல் போகலாம் என்றும் ஓப்பன்ஏஐ ஒப்புக்கொண்டது. வரும் கருவிகள் தடத்தைச் சரியாக வரைந்துவிடும். ஆனாலும் அது வரையப்பட்ட தடமாகத்தான் இருக்கும். யாரும் கடித்திருக்கப் போவதில்லை. செய்கை தடம் விடாத இடத்தில், தடத்துக்குப் பொறுப்பு செய்கிறவனிடம் வந்து சேர்கிறது.

ஆகவே நான் கைக்கொள்வது ஒன்றுண்டு. கருவியைத் திறப்பதற்குமுன், வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்: யார், எங்கே, என்ன செய்கிறார், எது இருக்கக்கூடாது. வந்ததை அந்தக் காகிதத்தோடுதான் ஒப்பிடுகிறேன், போன தடவை வந்ததோடு அல்ல. நாயை வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் நாய் இல்லை என்பது தெரிந்திருந்தால் போதும். பலன் மேம்படுவதற்கும் இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை; என்ன கேட்டோம் என்பதை மறந்தவனுக்கு, கிடைத்தது எவ்வளவு குறைவு என்று தெரிய வழியில்லை.