கிழமேல், தென்வடல்

பேராவூரணியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், ‘மேக்க போயி, ரெண்டாவது தெருவுல தெக்க திரும்புங்க’ என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். வலது, இடது என்பதெல்லாம் வண்டி ஓட்டுகிறவருக்கு. வீட்டுக்குள்ளும் இதே வழக்கம்தான். அண்டாவைக் கொஞ்சம் வடக்கே தள்ளு, பாயைக் கிழமேலாக விரி என்பார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று குழந்தைக்குச் சொல்லி வளர்க்கிற வீட்டில் திசை தெரியாமல் தூங்கக்கூட முடியாது.

இந்தத் திசைப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? கிழக்கில் இருப்பது ‘கீழ்’, மேற்கில் இருப்பது ‘மேல்’. இந்த இரண்டிலும் சூரியன் இல்லை, நிலம்தான் இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே கடல். காவிரி குடகில் பிறந்து பூம்புகாரில் கடலைத் தொடும் வரை நெடுக இறங்கிக்கொண்டே வருகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் கீழ்த்திசை, எங்கிருந்து வருகிறதோ அது மேல்திசை. வயலுக்கு நீர் பாய்ச்சிப் பிழைத்தவர்களுக்கு இதைவிட நம்பகமான அடையாளம் வேறு இருந்திருக்காது. வானம் மூடிய ஐப்பசியில் சூரியனைக் காணோம் என்றாலும் வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

மற்ற மொழிகளைப் பார்த்தால் நம் வழக்கம் எவ்வளவு தனியானது என்று தெரியும். ஆங்கிலத்தில் கிழக்கைக் குறிக்கும் சொல்லின் வேர் விடியலோடு சேர்ந்தது. துருக்கி மொழியில் கிழக்கின் பெயர் ‘பிற, உதி’ என்ற வினையிலிருந்தும், மேற்கின் பெயர் ‘மூழ்கு’ என்ற வினையிலிருந்தும் வந்தவை. தெற்கு அவர்களுக்கு வெயில் படும் பக்கம், வடக்கு நிழல் விழும் பக்கம். வெயில் விழும் சரிவையும் விழாத சரிவையும் பார்த்து வாழ்ந்த மலைநாட்டுக்காரர்களின் கணக்கு அது. பழந்துருக்கியர் திசைகளுக்கு நிறமும் கொடுத்திருந்தார்கள்: வடக்கு கறுப்பு, மேற்கு வெள்ளை. அவர்கள் நாட்டின் வடக்கே கிடப்பது கருங்கடலாகவும், மத்தியதரைக் கடல் அவர்கள் வாயில் ‘வெண்கடல்’ ஆகவும் இருப்பதற்கு அறிஞர் பலர் சொல்லும் காரணம் இதுதான்.

நம் பக்கத்து வீட்டிலேயே இன்னும் வியப்பான சான்று ஒன்று உண்டு. கேரளத்தில் மலை கிழக்கே, கடல் மேற்கே. அங்கே தண்ணீர் மேற்கு நோக்கித்தான் இறங்குகிறது. ஆனாலும் மலையாளத்தில் கிழக்கு இன்றைக்கும் கிழக்குதான், கீழ்த்திசைதான். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் திசை என்ற பொருளில் ‘படிஞ்ஞாறு’ என்கிறார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்து, இந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து சென்ற மக்களோடு போயிருக்க வேண்டும் என்று வாதிட்டார். மலையைத் தாண்டியும் ஒரு சொல் தன் பழைய நிலத்தின் சரிவை விடாமல் வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இப்போது பேராவூரணிக்கு வருவோம். இங்கே சரிவு அவ்வளவு நேராக இல்லை. நாகப்பட்டினத்துக்காரருக்குக் கடல் கிழக்கே. கோடியக்கரையில் கடற்கரை மடங்கி மேற்கே திரும்பிவிடுவதால், பேராவூரணிக்காரருக்குச் சேதுபாவாசத்திரத்துக் கடல் தென்கிழக்கே கிடக்கிறது. அம்புலியாறும் அக்னியாறும் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகின்றன. காவிரித் தண்ணீரோ வடக்கேயிருந்து வருகிறது. பழைய காவிரியும் வெண்ணாறும் கிழக்கு நோக்கி விரிய, மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் தஞ்சாவூரைத் தொட்டு, ஒரத்தநாடு தாண்டித் தெற்கே இறங்குகிறது. தஞ்சாவூரில் அதைப் புதாறு என்பார்கள். அதன் கடைமடைதான் பேராவூரணி வட்டாரம். இங்குள்ள விவசாயிக்கு கிழக்கு மேற்கைக் காட்டிலும் நெஞ்சில் தைக்கும் திசைச் சொற்கள் தலைமடையும் கடைமடையும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தது என்ற செய்தி அன்றைக்கே வந்துவிடும். தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும், சில ஆண்டுகளில் வந்தும் போதாது. இவ்வளவு தென்னை இங்கே வளர்ந்ததற்கு அந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

திசையை இப்படிச் சொல்கிற பழக்கம் பேச்சோடு நிற்பதில்லை, நினைவிலும் ஊறிவிடுகிறது. 1990களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து விவரிக்க வேண்டும், மறைப்புக்கு அப்பால் இருப்பவர் தன் கையிலுள்ள படங்களிலிருந்து அதே படத்தை எடுக்க வேண்டும். நகரத்தவர் ‘மரத்துக்கு இடப்பக்கம் மனிதன்’ என்றார்கள். கிராமத்தவரோ ‘மரத்துக்கு வடக்கே’ என்றார்கள். அடுத்து, மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, அதே வரிசையை இன்னொரு மேசையில் அடுக்கச் சொல்வது. வடக்கே முகம் வைத்திருந்த விலங்கைத் திரும்பி நின்ற பிறகும் வடக்கே பார்த்தே வைப்பவர் ஒரு வகை, தன் வலப்பக்கம் பார்த்தபடி வைப்பவர் இன்னொரு வகை. பேச்சில் எந்த முறையோ, அடுக்குவதிலும் பெரும்பாலும் அந்த முறையே வந்தது. கங்காரு என்ற சொல்லை உலகுக்குத் தந்த ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான கூகு யிமித்திரிலும் இப்படித்தான், எதையும் திசை வைத்தே சொல்வார்கள். ஒரே மொழி பேசுகிறவர்களுக்குள் ஊரைப் பொறுத்து இது மாறுகிறது என்பதுதான் தமிழிலிருந்து கிடைத்த பாடம்.

அந்த மாற்றம் இப்போது பேராவூரணிக்கும் வந்துவிட்டது. செல்போன் வரைபடம் ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்கிறது, நாமும் திரும்புகிறோம். வந்து சேர்கிறோம், ஆனால் எந்தப் பக்கமாக வந்தோம் என்பது மனதில் பதிவதில்லை. எந்த வாய்க்காலைத் தாண்டினோம், மேட்டில் ஏறினோமா பள்ளத்தில் இறங்கினோமா என்பதும் அப்படியே. மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று தெரிந்திருக்க வேண்டிய ஊரில் இது சின்ன இழப்பு இல்லை. பிள்ளைகளுக்கு வலது இடது கற்றுக்கொடுக்கிற அதே வயதில் நாலு திசையையும் வீட்டு முற்றத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்பேன்.

ஏனென்றால் நிலத்தின் சட்டம் இன்னும் திசையில்தான் பேசுகிறது. ராஜராஜன் ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்து புத்த விகாரத்துக்குக் கொடுத்தபோது, பெண் யானையை நடத்தி எல்லை வகுத்து, கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று வரிசையாகச் செப்பேட்டில் எழுதினார்கள். லெய்டன் செப்பேடுகள் என்று இன்று அறியப்படுபவை அவை. இன்றைய கிரயப் பத்திரத்தில் அதற்கு நாலுமால் என்று பெயர். இதைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால் வாய்க்கால் தெற்கே இருக்கிறது என்று பொருளில்லை. நம் நிலம் வாய்க்காலுக்குத் தெற்கே கிடக்கிறது, ஆகவே வாய்க்கால் நம் வடக்கு எல்லை. நாலு மாலையும் இப்படித் திருப்பிப் படித்துவிட்டு அளவுக்கு வர வேண்டும். ‘கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 38 அடி’ என்றால், கிழக்கு மேற்காக ஓடும் இரண்டு பக்கங்களில் வடக்கில் உள்ளது 40, தெற்கில் உள்ளது 38. தென்வடலுக்கும் அப்படியே. முன்பணம் கொடுப்பதற்கு முன், பத்திர நகலோடு இடத்துக்குப் போய் கிழக்கே பார்த்து நின்று, மால் மாலாக வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.