ஏறுகிறோமா, இறங்குகிறோமா?



சிலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மாண்டவர்கள் எருசலேம்வாசிகள் எல்லாரையும்விடக் கொடிய பாவிகளோ என்று நம் ஆண்டவர் கேட்டார். இல்லை என்று தாமே விடையும் பகர்ந்தார். பின்னர், கேட்டு நின்றவர்களையே நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என எச்சரித்தார். விபத்துச் செய்தியைக் கிறிஸ்தவன் வாசிக்கவேண்டிய முறை இதுவே.

இந்த மனதோடு, 2020ஆம் ஆண்டு தை மாதம் 26ஆந் திகதி ஞாயிறன்று அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் நிகழ்ந்ததைச் சிந்திப்போம். கூடைப்பந்தாட்டத்தில் உலகப் புகழ்பெற்ற கோபே பிறையன்ற் ஒரு கத்தோலிக்கர். அன்று காலைத் திருப்பலிக்கு முன்னரே தம் பங்குக் கோவிலுக்குச் சென்று செபித்தார். பின்பு தமது 13 வயது மகளோடும் வேறு சிலரோடும் தனியார் ஹெலிகொப்டர் ஒன்றில் புறப்பட்டார். சிறுமிகளின் கூடைப்பந்தாட்டப் போட்டிக்கே இப்பயணம். புறப்பட்டு நாற்பது நிமிடங்களுக்குள், கலபசாஸ் என்னுமிடத்தில், மேகம் மூடிய மலைச்சரிவில் ஹெலிகொப்டர் மோதியது. ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுள் மூவர் சிறுமிகள்.

சிதறிய பாகங்கள் மலைச்சரிவில் ஐந்நூறு அடிக்கு மேல் பரந்து கிடந்தன. முதல் நாளில் மூன்று சடலங்களே மீட்கப்பட்டன. எஞ்சியவற்றை மீட்க மேலும் இரண்டு நாட்கள் சென்றன. அந்த ஹெலிகொப்டரில் பறப்புப் பதிவுக் கருவி இருக்கவில்லை. ஆகவே அதிகாரிகள் உடைந்த துண்டுகளையும், ராடார் பதிவுகளையும், விமானி கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசிய வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆராய்ந்தனர். இயந்திரங்களில் கோளாறு எதுவும் காணப்படவில்லை.

ஓராண்டின் பின், 2021 மாசியில், முடிவு வெளியாயிற்று. கண்ணால் நிலத்தைப் பார்த்தே பறக்கவேண்டிய பயணத்தில் விமானி மேகத்துள் புகுந்துவிட்டார். மேகத்துக்கு மேலே செல்வதற்காக 4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். ஆனால் அந்த வேளையில் ஹெலிகொப்டர் இடப்புறமாகத் திரும்பி, விரைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது!

அவர் பொய் சொல்லவில்லை, வாசகர்களே. அவரது உடலே அவரை ஏமாற்றிவிட்டது. நாம் சமநிலையை உணர்வது உட்செவியிலுள்ள நுண்ணிய குழாய்களில் நிறைந்த திரவத்தினால். நிலமும் தொடுவானும் மறைந்தால் அவ்வுணர்வு தடுமாறும். சரிந்து இறங்குபவன் ஏறுவதாகவே எண்ணுவான். அந்நேரத்தில் உண்மை சொல்வது முன்னாலிருக்கும் கருவிகள் மாத்திரமே. தன் உணர்வை மறுத்து, கருவியை நம்புவது அனுபவசாலிக்கும் கடினம்.

நமது ஆன்மாவின் நிலையும் இதுவன்றோ? கோவிலுக்குப் போகிறோம், காணிக்கை கொடுக்கிறோம், நாலுபேர் மதிக்கிறார்கள். ஆகவே ஏறுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் உடன்பிறந்தவனோடு பேசி எத்தனை ஆண்டு? வேலையாளின் கூலி கொடுபட்டுவிட்டதா? மதுக்கிண்ணத்தில் வீட்டின் சோறு கரைந்துபோகவில்லையா? உணர்வைக் கேட்காதீர்கள், தேவ வார்த்தை என்னும் கருவியைப் பாருங்கள். தினமும் இரவில் ஆத்தும சோதனை செய்யுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போங்கள்.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் உண்டு. பறக்கும்படி விமானியை எவரும் வற்புறுத்தியதற்குச் சான்றில்லை. எப்படியாவது சேரவேண்டிய இடத்துக்குச் சேர்த்துவிட வேண்டும் என்று அவர் தமக்குத் தாமே சுமத்திக்கொண்ட நெருக்கம் காரணமாயிருக்கலாம் என்கிறார்கள். அது கெட்ட எண்ணமல்ல, நல்லெண்ணமே. ஆயினும் அன்று காலை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் மேகத்தைக் கண்டு தமது ஹெலிகொப்டர்களைப் பறக்கவிடவில்லை. வானம் கறுக்கக் கண்டு வள்ளத்தைத் திருப்பும் கடற்றொழிலாளி கோழையல்ல. தொடங்கியதை விட முடியாது என்று தவறான வழியில் மேலும் மேலும் செல்பவனே ஆபத்திலிருக்கிறான். திரும்பி வருவதில் வெட்கமில்லை. ஊதாரி மகனுக்குத் தந்தையின் வீடு கிடைத்தது, திரும்பியதனாலன்றோ?

மலைச்சரிவில் துண்டு துண்டாகத் தேடி மனிதர் கண்டறிந்த உண்மையை, உயிரோடிருக்கும்போதே நம்மில் தேடிக் கண்டறிவோம். மாண்ட ஒன்பது பேரையும் குறைகூறாது, அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிப்போம். அந்த விமானியையும் மறவாதிருப்போம். பின்பு ஒவ்வொருவரும் இன்றிரவு முழந்தாளிட்டு நம்மையே கேட்போம்: ஏறுகிறேனா, இறங்குகிறேனா?