இணையவழிக் கல்வியும் அறமும்

இணையவழிக் கல்விக்கு ஏற்ற வடிவம் எது என்னும் வினாவைத் தொழில்நுட்ப வல்லுநர்க்கு உரியதெனப் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அஃது அடிப்படையில் ஓர் அறவியல் வினா என்பதே எமது கருத்தாகும்.

கொரோனாத் தொற்றினால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, உப்புக்குளத்தில் எம் வீட்டில் இருந்த கைத்தொலைபேசி ஒன்றே. அது விடியலில் தந்தையாருடன் கடலுக்குச் சென்று, பிற்பகலில் அவருடனேயே கரை சேரும். காலை ஒன்பது மணி நேரலை வகுப்பு எம்மைப் பொறுத்தவரை நடவாத வகுப்பே. காணொளிப் பதிவு நேரத்தடையை நீக்கிற்று. ஆயின், ஒரு பாடத்தை இறக்குவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். ஆசிரியர் ஒருவர் எழுத்தாகவும் சிறு ஒலிப்பதிவுகளாகவும் வட்ஸ்அப்பில் அனுப்பியவையே எம்மை வந்தடைந்தன.

எழுத்து மட்டும் போதுமா? போதாது. ஐயம் எழுந்தவிடத்து வினவவும் மறுத்துரைக்கவும் எதிரே ஒருவர் வேண்டும்; உரையாடலற்ற கல்வி மனனமாகவே முடியும். எனினும், உரையாடலின் பொருட்டு அதற்கு வரவியலாதோரைக் கைவிடுதல் நீதியாகுமா?

இவ்விரண்டையும் இணைக்கும் வழி புதியதன்று. 1980இல் தொடங்கப்பெற்ற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அச்சிட்ட பாடத்தொகுதிகளை அடிப்படையாகவும் நேர்முக வகுப்புகளைத் துணையாகவும் கொண்டது. இணையவழிக் கல்வியும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். பாடத்தின் சாரம் எளிய கருவியிலும் திறக்கும் எழுத்தாக அமைதல் வேண்டும். நேரலை, ஐயந்தெளிதற்கு உரியதாதல் வேண்டும். வரவியலாதோர் எழுதியனுப்பும் வினாக்களுக்கும் அங்கே விடை கூறப்படல் வேண்டும்.

வந்திருப்போரை நோக்கி வடிவத்தைத் தேர்தல் எளிது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று முதலில் வினவுதல் ஆசிரியர்க்குரிய கடனாகும்.