ஓட்டமும் கண்ணோட்டமும்

தீங்கு இருவகைப்படும் என்று பொதுவாகக் கூறுவர்: அறிந்து செய்வது ஒன்று, அறியாமல் செய்வது மற்றொன்று. முன்னதற்குத் தண்டனை உண்டு. பின்னதற்கு மன்னிப்பு உண்டு. இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று இருக்குமோ என்னும் ஐயம் சில காலமாக எனக்கு இருந்து வருகிறது. செய்தவன் கண்ணுக்கு அத்தீங்கு புலப்படுவதில்லை. அவன் ஒருவன் மட்டும் செய்திருந்தால் அது தீங்காகவும் ஆகியிராது. ஆயினும் முடிவில் ஓர் உயிர் அழிந்துவிடுகிறது. இதனை யார் கணக்கில் எழுதுவது?

இவ்வையத்தை என்னுள் எழுப்பியது நூல் எதுவுமன்று; என் பேத்தியின் ஓட்டம்.

அவள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பெற்றோருடன் வசிக்கிறாள். திடலைச் சுற்றிச் சுற்றி ஓடுவதில் அவளுக்கு நாட்டமில்லை. காட்டுப் பாதைகளிலும் திறந்த வெளிகளிலும் ஓடுவதையே விரும்புகிறாள். அந்நாட்டார் இதனை ‘டிரெயில் ரன்னிங்’ என்கின்றனர். மணல், வேர், கல், சேறு என்று பத்தடிக்கு ஒருமுறை மாறும் தரையில், அடிப்புறம் மேடும் பள்ளமுமான தனிக் காலணி அணிந்து, ஒருவர் பின் ஒருவராகவோ தனித்தோ ஓடுவது இது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் அங்குத் தங்கியிருந்தபோது, தான் வழக்கமாக ஓடும் தர்ஸ்லி இயற்கைக் காப்பகத்துக்கு ஒரு மாலைப்பொழுதில் என்னை அழைத்துச் சென்றாள். நான் நடந்தேன், அவள் எனக்காக நடந்தாள்.

இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே உள்ள அக்காப்பகம் 300 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடையது. நம் நாட்டுக் காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு செல்வோர் ஏமாற்றமே அடைவர். மணற்பாங்கான, வளங்குன்றிய மண். அதில் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்த ஹெதர் என்னும் குறுஞ்செடி. ஆகஸ்டு மாதத்தில் அது பூக்கும்போது நிலம் முழுவதும் ஊதா நிறம் கொள்ளும் என்றார்கள். நான் கண்டபோது பழுப்பாகவே இருந்தது. இடையிடையே கோர்ஸ் எனப்படும் முட்புதர்கள் மட்டும் மஞ்சள் பூத்து நின்றன. ஓரங்களில் பைன் மரங்களும் பிர்ச் மரங்களும் உண்டு. தாழ்ந்த பகுதி சதுப்பு நிலமாகையால், அதன்மீது மரப்பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இங்கு எழுந்த தீ 100 ஹெக்டேருக்கு மேல் எரித்தழித்தது. நான் சென்றது மூன்றாண்டு கழித்து. சில இடங்களில் புதருக்கடியில் கரிந்த தண்டுகள் இன்னும் தெரிந்தன.

பாதையின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. தரையில் கூடு கட்டும் பறவைகள் உள்ள காலம். பாதையை விட்டு விலகாதீர், நாய்களைக் கட்டுப்பாட்டில் வையுங்கள் என்பது அதன் கருத்து. திறந்தவெளிகளில் நடக்கும் உரிமையை மக்களுக்கு அளித்த 2000ஆம் ஆண்டுச் சட்டமும், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை அத்தகைய நிலங்களில் நாயைக் குறுகிய வாரில் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. உரிமையையும் வரம்பையும் ஒரே சட்டத்தில் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பலகை குறிப்பிட்ட பறவைகளுள் ஒன்றை நம்மவரும் அறிவர். நம் ஊர்களில் அந்தி மயங்கியபின் செம்மண் பாதையில் அமர்ந்திருக்குமே, அந்தப் பக்கியின் இனம். ஐரோப்பியப் பக்கி குளிர்காலத்தை ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில் கழித்துவிட்டு, மே மாதத்தை ஒட்டி அங்கு வந்து சேர்கிறது. கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. வெறுந்தரையில் இரண்டு முட்டைகள், அவ்வளவே. முட்டைகள் வெளிறிய நிறமுடையவை; தாயின் உடல்தான் அவற்றுக்குப் போர்வை. பட்டுப்போன மரப்பட்டையின் நிறத்தில் பகல் முழுவதும் அசையாமல் படுத்திருப்பதே அப்பறவைக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. மனிதரோ நாயோ மிக அருகில் வந்தால்தான் எழுந்து பறக்கும். அது எழுந்தவுடன் முட்டைகள் வெட்டவெளியில் கிடக்கும். காக்கை இனத்துப் பறவைகளுக்கு அந்தச் சிறு பொழுதே போதும்.

ஓடுபவள் இதில் எதைக் காண்கிறாள்? ஒன்றையும் காண்பதில்லை. அவள் கடந்து சென்ற பிறகே பறவை எழக்கூடும். காக்கை வருவது அதற்கும் பிறகு. தூய காற்றும் தெளிந்த மனமுமாய் அவள் வீடு திரும்பிவிடுகிறாள்.

தெற்கு இங்கிலாந்தின் டார்செட் பகுதிப் புதர்வெளிகளில் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். பாதைக்கு அண்மையில் இருந்த பக்கிக் கூடுகளே மிகுதியாக அழிந்தன என்று கண்டனர். டார்ட்ஃபோர்டு கதிர்க்குருவி என்னும் சிறு பறவையைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு என்னை இன்னும் கலக்கியது. 1962-63ஆம் ஆண்டின் கடுங்குளிருக்குப் பின் பிரிட்டன் முழுவதிலும் ஏறத்தாழப் பத்து இணைகளே எஞ்சியிருந்து, பிறகு மெல்லப் பெருகிய இனம் அது. ஹெதர் செடிகளிடையே அது வாழும் எல்லைக்குள் நாளொன்றுக்குச் சராசரியாக 13 முதல் 16 பேர் சென்றாலே, முட்டையிடும் காலம் தள்ளிப்போய், அவ்வாண்டில் மறுமுறை குஞ்சு பொரிக்க இயலாமற்போகும் என்றது அவ்வாய்வு. யாரும் கல்லெறியவில்லை, கூட்டைக் கலைக்கவில்லை. சென்றார்கள், அவ்வளவுதான். பதின்மூவருள் யார் குற்றவாளி? முதலில் வந்தவரா, இறுதியில் வந்தவரா?

நான் பணியாற்றிய பள்ளியில் சிறிய புல்வெளி ஒன்று இருந்தது. அதன் குறுக்கே ஓர் ஆண்டுக்குள் தெளிவான ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, இதனைப் போட்டவர் யார் என்று கேட்டேன். நான் இல்லை டீச்சர் என்று நாற்பது பேரும் கூறினர். எவரும் பொய் சொல்லவில்லை. ‘பாதை விழுந்தது’ என்று நம் மொழியும் அவர்களுக்குத் துணை நிற்கிறதே! மழை விழுவதுபோல, இலை விழுவதுபோல, செய்தவன் இல்லாமல் நிகழ்ந்ததாக நாம் பேசுகிறோம். ஆனால் நாற்பது சோடிக் கால்கள் இல்லாமல் அப்பாதை இல்லை. குற்றத்தை நாற்பதால் வகுத்தால் ஒவ்வொருவர் பங்கும் ஒன்றுமில்லாததாகிவிடும் என்று எண்ணுவது கணக்கறியாதார் எண்ணம். எத்தனையால் வகுத்தாலும் பங்கு சிறுக்குமேயன்றிச் சுழியாவதில்லை.

இனி ஓடுவோரின் கண்ணைப் பற்றி ஒரு சொல். காட்டுப் பாதையில் ஓடுபவர் நம்மைப்போல் அங்குமிங்கும் பராக்குப் பார்ப்பதில்லை. சில அடிகளுக்கு முன்னால் தரையின்மேலேயே பார்வையை வைத்திருப்பர். இல்லையேல் கணுக்கால் பிசகிவிடும். பேத்தி இதனை விளக்கியபோது நம் முனிவர்களின் ஈர்யா சமிதி நினைவுக்கு வந்தது. நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழத் தொலைவு, முன்னால் பார்த்து நடத்தல் அவர்கள் ஒழுக்கம் அன்றோ? பார்வை விழும் இடம் ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் தம் காலைக் காக்கப் பார்க்கிறார். மற்றவர் தம் காலிடமிருந்து பிற உயிரைக் காக்கப் பார்க்கிறார். மேலும், பகலொளியிலேயே செல்லுதல், முன்பே பலர் நடந்து பழகிய வழியிலேயே செல்லுதல், உயிர்கள் மிகும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கிவிடுதல் என்று அவ்வொழுக்கம் விரிகிறது. தர்ஸ்லியின் அறிவிப்புப் பலகையை எழுதியவருக்கு நம் நூல்கள் தெரிந்திருக்க வழியில்லை. எனினும் பழகிய பாதை என்பதும், விலக்கப்பட்ட பருவம் என்பதும் அதிலும் இருந்தன.

ஆனால் ஒன்று அதில் இல்லை. முனிவர் பயன் கருதியே நடப்பர். இல்லறத்தார்க்கும் பயனில்லாமல் திரிதலை அனர்த்த தண்டத்துள் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அப்படியாயின் ஓட்டம் பயனற்றதா? இதை அவளிடமே கேட்டேன். “பாட்டி, தேர்வுக் காலத்தில் நான் உடைந்து போகாமல் இருந்தது இந்த ஓட்டத்தால்தான். இது பயனில்லையா?” என்றாள். என்னால் மறுக்க இயலவில்லை. உடலைப் பேணுவதும் மனத்தைத் தெளிவிப்பதும் பயனே. ஆனால் அப்பயன், பக்கி முட்டையிடும் திங்களில் அந்தக் குறுகிய தடத்தில்தான் கிடைக்குமா என்பது வேறு வினா. ஓட்டத்துக்குப் பயன் இருக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் அப்பயனைச் சொல்லிவிட முடியாது.

அவ்வாறாயின் வேலியிட்டு மனிதரை வெளியே நிறுத்திவிடலாமே என்பார் உளர். அது எளிய விடை, பிழையான விடையும்கூட. அப்புதர்வெளி மனிதர் கை படாத இயற்கையன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மக்கள் காட்டை அழித்து, மாடும் ஆடும் மேய்த்து, விறகுக்கும் கூரைக்கும் செடிகளை வெட்டி வந்ததால் உருவான நிலம் அது. மேய்ச்சல் நின்றால் சில பத்தாண்டுகளில் பிர்ச்சும் பைனும் மூடிக்கொள்ளும். 1800ஆம் ஆண்டில் அந்நாட்டில் இருந்த தாழ்நிலப் புதர்வெளியில் ஆறில் ஒரு பங்கே இன்று எஞ்சியுள்ளது. எஞ்சியதைக் காப்பதற்காக ஆண்டுதோறும் இளமரங்களை வெட்டுகிறார்கள். பறவையைக் காக்க மரத்தை வெட்டுவதா என்று என் நெஞ்சம் துணுக்குற்றது. இன்றும் அதற்கு முழு அமைதி காணவில்லை. கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டிருத்தல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்நிலத்தைக் காண வேண்டும். அங்கே கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் ஓர் உயிரினம் மறைந்துவிடும்.

தவிரவும், சென்று பழகாத நிலத்துக்காக யார் குரல் கொடுப்பர்? சர்ரேயின் வடபகுதி முதலான இடங்களில் உள்ள தேம்ஸ் வடிநிலப் புதர்வெளிகள் 2005இல் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. அவற்றின் எல்லையிலிருந்து 400 மீட்டருக்குள் புதிய வீடுகளுக்கு இடமளிப்பதில்லை. அதற்கு அப்பால், ஐந்து கிலோமீட்டர் வரை வீடு கட்டுவோர், மக்கள் உலாவ வேறு பசும்வெளி அமையப் பங்களிக்க வேண்டும். போகாதே என்பதைவிட, இங்கே போ என்று மாற்று இடம் காட்டுவது மேலான முறை என்றே ஓர் ஆசிரியை என்ற வகையில் எண்ணுகிறேன். நாற்பது பிள்ளைகளையும் அதட்டியதால் எங்கள் புல் மீண்டும் முளைக்கவில்லை. பக்கத்தில் நல்ல நடைபாதை போட்ட பிறகே முளைத்தது.

அறியாமல் செய்தேன் என்பது எவ்வளவு காலம் செல்லும்? பலகையைப் படிக்கும் வரை செல்லும். படித்த பிறகு பறவை முன்போலவே கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் அது அங்கே இருக்கக்கூடும் என்பது தெரியும். கண்ணால் காணாததையும் கருத்தில் கொண்டு கால் வைப்பதையே கண்ணோட்டம் என்று நான் பொருள் கொள்கிறேன். இதனை இவ்வளவு விரிவாக அவளிடம் சொல்லவில்லை. இளையோரிடம் நீளப் பேசினால் நல்ல சொல்லும் கெட்டுப் போகும்.

அவளாகவே ஒன்று செய்தாள். மார்ச்சு முதல் ஆகஸ்டு முடிய, ஹெதரின் ஊடே செல்லும் சிறுதடங்களை விட்டுவிட்டு, பைன் மரங்களிடையே வண்டி செல்லும் அகன்ற மண்பாதையில் மட்டும் ஓடுகிறாள். அது அவ்வளவு இனிக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னாள். அகன்ற பாதையில் மட்டும் உயிர்கள் இல்லையா என்றும் கேட்டாள். இருக்கின்றன. அப்பகுதியின் பைன் காடுகளில் செந்நிறக் காட்டெறும்புகள் ஊசியிலைகளைக் குவித்துப் பெரிய புற்றுகள் அமைக்கின்றன. அவற்றின் வரிசை சில இடங்களில் பாதையைக் குறுக்கே கடக்கிறது. சென்ற கோடையில் தொலைபேசியில் பேசும்போது, அவ்வாறு ஒரு வரிசை முன்னால் வந்ததாகவும், தாண்ட முடியாத அளவுக்கு அகன்று பரவியிருந்ததாகவும் கூறினாள். பிறகு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மரங்களுக்குள் சுற்றிக்கொண்டு நடந்தேன் பாட்டி” என்றாள்.