காலணிக்கு மேலே

தெரியாத துறையில் புகுந்து தீர்ப்புச் சொல்பவரை ஆங்கிலத்தில் 'அல்ட்ராக்ரெபிடேரியன்' என்பார்கள். 1819-ல் கட்டுரையாளர் வில்லியம் ஹேஸ்லிட், வில்லியம் கிஃபோர்டு என்ற விமர்சகரைச் சாடும்போது அதைக் கையாண்டார். வேர் இன்னும் பழையது. தன் ஓவியத்தில் காலணி பிழையாக இருப்பதாகச் செருப்புத் தைப்பவர் சொன்னதும் கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் திருத்திக்கொண்டார். அந்தச் செருப்புத் தைப்பவரே மறுநாள் கால் வரைந்த விதத்தையும் பழித்தபோது, 'காலணிக்கு மேலே போகாதே' என்று ஓவியர் தடுத்தார். பிளினி எழுதிவைத்த கதை இது. முதல் குறையை ஓவியர் மதித்து ஏற்றதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

தெரியாமல் தீர்ப்புச் சொல்வதில் நாமும் குறைந்தவர்கள் அல்ல. நம் ராஜபாளையம் நாயை, 'சொன்ன பேச்சு கேட்காது' என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடு. வெண்ணிறத்தோடு மரபுவழியாகச் சேர்ந்து வரும் குறை அது. காது கேட்காத உயிரை அடங்காதது என்று பழிப்பது எவ்வளவு பெரிய அநீதி!

குட்டி வாங்க ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வருகிறவர்களே, திட்டுவதற்கு முன் அதன் பின்னால் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்.