மூன்று சதுர மீட்டர்

இங்கிலாந்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருப்பவர், தன் வாசல் கதவுக்கு முன்னால் சின்னதாக ஒரு போர்ச் கட்ட யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பெரும்பாலும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெளிப்புற அளவில் தரைப்பரப்பு 3 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. உயரம் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தெருவை ஒட்டிய எல்லையிலிருந்து 2 மீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பாரம்பரியக் கட்டடங்கள், ஃபிளாட்டுகள், கவுன்சில் இந்தச் சலுகையை விலக்கி வைத்திருக்கும் சில பகுதிகள் தவிர மற்ற இடங்களில், இந்த மூன்று நிபந்தனைகளும் பொருந்தினால் விண்ணப்பம் போட வேண்டாம். 'பெர்மிட்டட் டெவலப்மெண்ட்' என்று இதற்குப் பெயர்.

அந்த மூன்று நிபந்தனைகளையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவற்றில் தெரு இருக்கிறது, தரை இருக்கிறது, வானம்கூட இருக்கிறது. பக்கத்து வீடு மட்டும் இல்லை.

சட்டம் ஒன்றைச் செய்யலாம் என்று சொன்ன பிறகும், செய்வதற்கு முன் இன்னொருவரிடம் கேட்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறதா? சில மாதங்களாக என்னோடு இருக்கும் கேள்வி இது. கேள்வி பெரியது. அது எனக்குள் வந்த வழி ஒரு செருப்பு ஸ்டாண்ட்.

1

'டெரஸ் வீடு' என்றதும் நம் ஆட்களுக்கு மொட்டைமாடிதான் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பொருள் வேறு: பக்கச்சுவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு, இடைவெளி இல்லாமல், தெரு நெடுக நிற்கும் வீடுகள். 1666இல் லண்டன் எரிந்த பிறகு, 1667இல் வந்த மறுகட்டுமானச் சட்டம் வீடுகளைச் செங்கல்லிலோ கல்லிலோ, வகுத்துத் தந்த நான்கு வகைகளுக்குள் கட்டச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழில் நகரங்கள் வீங்கியபோது, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைக் கட்டி விற்றார்கள். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஒரே பக்கம்தான் ஜன்னல். 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், வீட்டைச் சுற்றிக் காற்றுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுத்தது. இன்று நாங்கள் 'பழைய வீடு' என்று ஆசையாக வாங்கும் பல தெருக்கள் அந்த விதிகளுக்குப் பிறந்தவை.

ஆக, இந்த வரிசையின் ஒழுங்குக்குள் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஒருவன் ஒரு அடி முன்னே வந்தால் இன்னொருவனுக்கு வெளிச்சம் ஒரு அடி குறையும் என்ற கணக்கு.

2

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. கதவைத் திறந்தால் நேராக ஹால். தமிழ்க் குடும்பம், செருப்பை உள்ளே விட முடியாது, வெளியே விட்டால் மழை. நாலு ஜோடி செருப்பு, ஈரக் கோட்டுகள், குழந்தையின் தள்ளுவண்டி, பக்கத்தில் யாராவது வைத்துவிட்டுப் போகும் பார்சல்கள். வீட்டுச் சுவரிலிருந்து நடைபாதை வரை 3.6 மீட்டர். அதில் 2 மீட்டரை விட்டால் மிச்சம் 1.6. அகலம் 1.8. பெருக்கினால் 2.88 சதுர மீட்டர். விதி எங்களுக்காகவே எழுதப்பட்ட மாதிரி இருந்தது.

தெருவில் நின்று பார்த்தால், எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் கதவு வலப்பக்கம், முன்னறை ஜன்னல் இடப்பக்கம். அதனால் என் கதவுக்கு வலப்பக்கம் வருவது பக்கத்து வீட்டின் ஜன்னல். வீடுகள் கிழக்கு பார்த்தவை, எனவே அந்த ஜன்னல் எனக்கு வடக்கே. நான் எழுப்பப்போகும் சுவர் அதற்குத் தெற்கே.

ஜூன் மாதத்தில் பார்த்தால் இதில் ஒரு பிரச்சனையும் தெரியாது. சூரியன் வடகிழக்கில் எழுந்து அந்த ஜன்னலுக்குள் தாராளமாக விழும். டிசம்பரில் கதை வேறு. எட்டு மணி வாக்கில் தென்கிழக்கில் எழுந்து, தாழ்வாகவே நகர்ந்து, நாலு மணிக்கெல்லாம் போய்விடும். அந்த ஜன்னலுக்குக் காலையில் கிடைப்பது அந்தச் சாய்ந்த வெயில் மட்டும்தான். அது வரும் வழியில்தான் என் சுவர்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. அதில் எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. தனியாக இருக்கிறார். காலைத் தேநீர் அங்கேதான். தெற்கு மூலையிலுள்ள பஸ் ஸ்டாப்பும் அங்கிருந்து சாய்வாகத் தெரியும்.

விண்ணப்பம் தேவைப்படும் கட்டடம் என்றால், பல கவுன்சில்கள் ஒரு சோதனை வைத்திருக்கின்றன. பாதிக்கப்படும் ஜன்னலின் நடுவிலிருந்து 45 பாகையில் ஒரு கோடு இழுப்பார்கள். புதிய சுவர் அதை வெட்டினால் யோசிப்பார்கள். ஜன்னலின் நடுப்பகுதிக்கும் என் சுவருக்கும் இடையில் 1.4 மீட்டர். 1.6 மீட்டர் நீளும் சுவர் கோட்டை வெட்டும். 1.2 என்றால் வெட்டாது. எனக்கு விண்ணப்பமே தேவையில்லை என்பதால், அந்தக் கோட்டை இழுக்க யாரும் வரப்போவதில்லை. நானாக இழுத்தால்தான் உண்டு.

3

அவருக்குச் சட்டத்தில் என்னதான் இருக்கிறது என்று தேடினேன். 20 வருடம் தொடர்ந்து ஒரு ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்துக்கு, 1832ஆம் ஆண்டின் சட்டத்தின்படி உரிமை உருவாகும். ஆனால் அது சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதுமான வெளிச்சத்துக்கு மட்டுமே. வெயிலுக்குக் கிடையாது. காட்சிக்கும் கிடையாது. 1610இல் ஆல்ட்ரெட் என்பவர் தொடுத்த வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வைத்த பன்றிக் கொட்டிலின் நாற்றத்துக்கு நிவாரணம் கிடைத்தது. ஆனால் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி வெறும் இன்பம்தான், அது ஒரு தேவை ஆகாது, அதற்காக வழக்காட முடியாது என்ற கருத்தும் அதே வழக்கில் பதிவானது. எண்பது வயதில் வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்குப் பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பது இன்பமா, தேவையா? 1610க்கு இந்தக் கேள்வி எழவில்லை.

ஒரே ஒரு சட்டம் மட்டும் என்னை அவர் கதவைத் தட்ட வைக்கிறது: பொதுச்சுவர் பற்றிய 1996ஆம் ஆண்டின் சட்டம். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதத்துக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது, அதனால் பெரும்பாலும் இது பொருந்திவிடும். இதில் எனக்குப் பிடித்த ஒரு ஷரத்து உண்டு. நோட்டீஸ் கிடைத்து 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தகராறு எழுந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். நாம் மௌனம் சம்மதம் என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தச் சட்டம் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறது. ஆனால் அதுவும் காப்பது அவருடைய சுவரைத்தான். அவருடைய காலையை இல்லை.

4

"சட்டப்படி சரியா இருக்குல்ல? அப்புறம் எதுக்கு மச்சான் கேக்குற? கேட்டாதான் பிரச்சனையே வரும்" என்றான் அலுவலக நண்பன். இதைக் குதர்க்கம் என்று தள்ள முடியாது. கேட்பது என்பது மறுக்கும் வாய்ப்பைக் கையில் கொடுப்பது. மறுத்த பிறகும் கட்டினால், கேட்காமல் கட்டியதைவிட மோசமான அவமதிப்பு ஆகிவிடாதா?

முதலில் கான்ட்டிடம் போனேன். எல்லோரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கச் சொல்வார். எல்லோரும் போர்ச் கட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது! மொத்த வரிசையும் ஒன்றரை மீட்டர் முன்னால் வந்து, புதிதாக ஒரு நேர்கோடு உருவாகும். எல்லோருக்கும் கொஞ்சம் இருட்டு, எல்லோருக்கும் ஒரு செருப்பு ஸ்டாண்ட். சோதனையில் நான் பாஸ். ஆனால் அவர் போர்ச் கட்டப்போவதில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. எல்லோரும் செய்தால் என்ற கேள்வி எல்லோரையும் ஒரே மாதிரி ஆட்களாக மாற்றிவிடுகிறது. எனக்குத் தள்ளுவண்டி இருக்கிறது, அவருக்கு நாற்காலி இருக்கிறது என்பது அதில் விழுந்துவிடுகிறது.

அதிகம் உதவியவர் வெஸ்லி ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர். 'உரிமை' என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல வேறு பொருட்களைக் கலந்து பேசுகிறோம் என்று 1913இல் அவர் காட்டினார். ஒருவரிடம் எனக்கு உரிமை இருக்கிறது என்றால் அவருக்கு ஒரு கடமை இருக்கிறது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் போல. வெறும் சுதந்திரம் வேறு. ரயிலில் காலியாக ஒரு சீட் இருந்தால் உட்கார எனக்குச் சுதந்திரம் உண்டு. எதிரில் நிற்பவருக்கும் உண்டு. நான் உட்கார்ந்தது தவறு என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் எதிரில் நிற்பவர் கர்ப்பிணி என்றால், "எனக்குச் சுதந்திரம் இருக்கிறது" என்பது உண்மையான வாக்கியம்தான், பதில் மட்டும் ஆகாது.

மூன்று சதுர மீட்டர் எனக்குத் தருவது அந்தச் சீட்டைத்தான். யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஏன் கட்டுகிறாய், ஏன் இவ்வளவு என்ற கேள்விகளுக்கு நான்தான் பதில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிலைக் கேட்கும் தகுதி யாருக்கு இருக்கிறதென்றால், விலை கொடுக்கப்போகிறவருக்கு.

5

நண்பனின் கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. தகவல் சொல்வதற்கும் அனுமதி கேட்பதற்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மாற்றம் எதையும் செய்வதற்கு முன் ஒரு வரைவைச் சுற்றுக்கு விட்டுக் கருத்து கேட்போம். கருத்து சொன்னவருக்குத் தடுக்கும் அதிகாரம் இருக்காது. ஆனால் அவர் சொன்னதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கோடிங் எல்லாம் முடித்துவிட்டுச் சடங்காகச் சுற்றுக்கு விடும் வரைவுகளும் உண்டு, படிப்பவருக்கு அது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். உண்மையாகக் கேட்பதென்றால் திட்டம் இன்னும் பென்சிலில் இருக்கும்போது கேட்க வேண்டும்.

பென்சில் வரைபடத்தோடு போனேன். டிசம்பர் வெயில் எங்கே விழும் என்பதையும் அதிலேயே வரைந்திருந்தேன். தனக்கு எதிராகப் போகக்கூடிய தகவலைக் கேட்பவனே எடுத்துக்கொண்டு போகவில்லை என்றால் அது கேட்பதில் சேராது. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கட்டாம இருந்தா எனக்கு நல்லா இருக்கும். ஆனா அது உங்க வீடு."

இந்த ஊரில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. மறுப்பும் அனுமதியும் ஒரே மூச்சில். இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சுலபம். அப்படிச் செய்தால் முதல் பாதியைக் கேட்டதற்கு அர்த்தமில்லை. நீளத்தை 1.2 மீட்டராகக் குறைத்தோம். அவர் பக்கத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு மேல் கண்ணாடி. தள்ளுவண்டியை இனி மடித்துத்தான் வைக்க வேண்டும், என் மனைவிக்கு அதில் வருத்தம், அது நியாயமான வருத்தம். கண்ணாடி வெயிலை முழுவதும் விடாது. பஸ் ஸ்டாப் தெரியும், கொஞ்சம் மங்கலாக. திருத்திய படத்தைக் காட்டியபோதும் அவர் மகிழ்ச்சி அடையவில்லை. "முன்னைக்கு இது பரவாயில்லை" என்றார். நோட்டீஸில் ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

போர்ச்சை நண்பர்கள் சிலர் திண்ணை என்கிறார்கள். இரண்டும் எதிரெதிர். திண்ணை வீட்டில் கொஞ்சத்தைத் தெருவுக்குக் கொடுக்கும் (அதில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்ற சாதிக் கணக்கோடுதான்). போர்ச் வெளியில் கொஞ்சத்தை எடுத்து வீட்டுக்குள் பூட்டும். எடுப்பது தவறில்லை, குளிரில் குழந்தைக்குச் செருப்பு மாட்ட ஒரு இடம் வேண்டும். ஆனால் எடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் முழுமையாக மறுத்திருந்தால் கட்டியிருப்பேனா? கட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், இதே 1.2 மீட்டருக்கு. கேட்பதால் முடிவு அவர் கைக்குப் போய்விடாது. என் திட்டத்துக்குள் அவருடைய டிசம்பர் ஓர் அளவாக வந்து சேரும், அவ்வளவுதான். அதன் பிறகும் அவருக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது. சட்டத்தில் அதற்குப் பெயர் இல்லை, ஈடும் இல்லை. அதை அடைத்துவிட்டதாக நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த நஷ்டத்துக்குப் பக்கத்திலேயே, ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, பல வருடங்கள் குடியிருக்கப்போகிறோம்.